யாழ்ப்பாணத்து வீடும் மலேசியக் குன்றின் நத்தையும்

யாழ்ப்பாணத்தில் இன்று ஒரு வீடு எழுப்ப வேண்டுமானால், அதற்கு யாழ்ப்பாண மண் கொடுப்பது அத்திவாரத்துக்கான குழியை மட்டும்தான் என்று சொல்லிவிடலாம். கொஞ்சம் மிகைதான், கிணற்றுத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்வோம். மற்றவை எல்லாம் வெளியிலிருந்து வருபவை. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஆகவே ஆற்றுமணல் வன்னியிலிருந்து வருகிறது. நிலத்துக்கு அடியில் இருப்பது சுண்ணக்கல் என்பதால் கொங்கிறீற்றுக்கு வேண்டிய கருங்கற் சல்லியும் ஆனையிறவைத் தாண்டித்தான் வரவேண்டும். கம்பி, அலுமினிய யன்னல், தரையோடு, கூரைத் தகடு, வயர் ஆகியவற்றின் மூலப்பொருள்கள் கடல் கடந்தவை. கதவு நிலைக்கான மரம் வன்னிக் காட்டு மரமாகவும் இருக்கலாம், போர்னியோவில் வெட்டப்பட்டதாகவும் இருக்கலாம்.

வீடு கட்டுவதால் இயற்கைக்கு என்ன கேடு என்று கேட்டால், நம்மவர்கள் வளவைத்தான் பார்க்கிறார்கள். மாமரம் தறிக்கப்பட்டதா, குளத்தை நிரவினார்களா, வாய்க்கால் மறிபட்டதா என்றே பேச்சு. சட்டமும் ஏறத்தாழ அப்படித்தான் பார்க்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் 1988 திருத்தம் கொண்டுவந்த சுற்றாடல் தாக்க மதிப்பீடு, குறிப்பிட்ட பெருந்திட்டங்களுக்கே உரியது. அதிலும் திட்டம் அமையும் இடத்துக்கே முதன்மை. சாதாரண வீடு ஒன்று அதற்குள் வருவதே இல்லை. ஆனால் இரண்டு பரப்புக் காணியில் எழும் வீட்டினால் அந்த இரண்டு பரப்பில் அழியும் உயிர்களைவிட, அதற்கான பொருள்களைத் தோண்டிய, வெட்டிய, உருக்கிய இடங்களில் அழியும் உயிர்கள் அதிகமாக இருக்க வாய்ப்புண்டு. கட்டுமானப் பொருள் விநியோகச் சங்கிலிக்கும் உயிர்ப்பல்வகைமைக்கும் உள்ள தொடர்பை மதிப்பிடுவது என்றால், அந்த இடங்களைத் தேடி, பொருள் வந்த வழியே பின்னோக்கிப் போவதுதான்.

ஐக்கிய நாடுகளின் பன்னாட்டு வள ஆய்வுக் குழு 2019இல் வெளியிட்ட அறிக்கை, உலகின் உயிர்ப்பல்வகைமை இழப்பிலும் நீர் நெருக்கடியிலும் 90 வீதத்துக்கு மேற்பட்டது வளங்களை எடுப்பதாலும் பதப்படுத்துவதாலும் வருவது என்றது. இந்த எண்ணைக் கட்டுமானத்தின் தலையில் மட்டும் கட்டிவிடக் கூடாது. உணவும் எரிபொருளும் அதற்குள் அடக்கம். நிலத்தை அதிகம் விழுங்குவது வேளாண்மையே. எனினும் எடை என்று பார்த்தால் கட்டுமானத்துக்குப் போட்டி கிடையாது. மணலும் சரளையும் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 5,000 கோடித் தொன் எடுக்கப்படுவதாக ஐ.நா. சுற்றாடல் திட்டம் 2022இல் கணக்கிட்டது. பூமத்திய கோட்டைச் சுற்றி 27 மீற்றர் உயரமும் 27 மீற்றர் அகலமும் உள்ள மதில் ஒன்றை ஆண்டுதோறும் புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கலாம்.

மணலிலிருந்தே தொடங்குவோம். அதுதான் நம் கண்முன்னே நடப்பது. கனகராயன் ஆறு போன்ற வன்னி ஆறுகள் மாரியில் பெருகி, கோடையில் மணற்படுகையாகக் கிடப்பவை. அந்தப் படுகை வெறும் மணல் அல்ல. கோடைக்கான தண்ணீரைப் பொத்தி வைத்திருப்பது அதுதான். அளவுக்கு மிஞ்சி அள்ளினால் ஆற்றின் அடி தாழ்கிறது, கரை சரிகிறது, கரையில் வேர்விட்டு நின்ற மருத மரம் சாய்கிறது, அயலில் உள்ள கிணற்று நீர் இறங்குகிறது. ஆற்றில் வாழும் மீனுக்கும் சிப்பிக்கும் இருப்பிடம் அந்த மணலே. வட இந்தியாவின் சம்பல் ஆற்றில், நீண்ட மூக்குடைய கரியால் முதலைகள் முட்டையிடுவது மணற்கரையில்தான். அங்கே மணற்கொள்ளை அந்தக் கரைகளையே லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறது. உலகில் எஞ்சியிருக்கும் கரியால்களில் பெரும்பகுதி அந்த ஓர் ஆற்றை நம்பி இருக்கிறது.

வடமராட்சி கிழக்கின் மணற்காட்டுக்குப் போனால் இதே கதையின் வேறொரு பக்கத்தைப் பார்க்கலாம். அங்கே மணல் குன்றுகளாக நிற்கிறது. பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களையே மூடியிருக்கிறது. குன்றை நிறுத்தி வைத்திருப்பவை இரண்டு மூன்று செடிகளே. கடலோரச் சரிவில் அடம்பன் கொடி, அதற்கு மேலே கையைக் கிழிக்கும் இராவணன் மீசை, பிறகு மனிதர் நட்ட சவுக்கு. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்பது ஒற்றுமைக்குச் சொல்லப்பட்ட பழமொழி. மணற்காட்டில் அது அப்படியே தாவரவியல். கொடியின் ஒவ்வொரு கணுவிலும் வேர் இறங்கி, காற்று கொண்டுவரும் மணலைப் பிடித்து வைக்கிறது. ஓர் உழவு இயந்திரம் இரவில் வந்து ஒரு பெட்டி மணலை அள்ளிப் போனால் குறைவது அந்தப் பெட்டி மணல் மட்டுமல்ல. அந்த இடத்தில் கொடி அறுந்து, காற்று வாய் வைத்து, பள்ளம் தானாக விரிகிறது. மணற்குன்றுக்கு அடியில் தங்கும் நன்னீரும், கடலுக்கும் ஊருக்கும் இடையே உள்ள அணையும் சேர்ந்தே போகின்றன. வடக்கில் அனுமதிப்பத்திரம் இல்லாத மணல் ரிப்பர்களைப் பொலிசார் பிடித்த செய்தி இல்லாத வாரம் குறைவு. அவற்றில் வந்த மணல் யார் வீட்டுச் சுவருக்குப் பூசப்பட்டது என்று எந்தச் செய்தியும் சொல்வதில்லை.

கடல் மணலுக்குப் போனால் தீர்வு என்பாரும் உண்டு. கொழும்புத் துறைமுக நகருக்காக 269 ஹெக்டயர் கடலை நிரப்பச் சுமார் 650 இலட்சம் கன மீற்றர் மணல் கடலடியிலிருந்தே உறிஞ்சப்பட்டது. நீர்கொழும்பு மீனவர்கள் வீதிக்கு இறங்கியது சும்மா அல்ல.

சீமெந்து விடயத்தில் யாழ்ப்பாணத்துக்குச் சொந்த அனுபவம் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கி, 1990இல் போரால் நின்றது. அதற்காகக் கல் எடுத்த குழிகள் இன்றும் கிடக்கின்றன. சூளையிலிருந்து இறங்கி, பிறகு அரைத்துச் சீமெந்தாகும் கட்டி (கிளிங்கர்) ஒரு தொன்னுக்கு ஏறக்குறைய ஒன்றரைத் தொன் சுண்ணக்கல் வேண்டும். குடாநாட்டிலோ அந்தக் கல்தான் தண்ணீர்த் தொட்டி. மழைநீர் கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, கீழே இருக்கும் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கல்லைத் தோண்டத் தோண்ட அந்த நன்னீர் வெயிலுக்குத் திறந்துவிடப்படுகிறது. அளவு மீறினால் உவர் மேலேறுகிறது. ஆகவே ஆலை நின்ற பிறகு குடாநாட்டின் கல்லுக்கு ஓய்வு கிடைத்தது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் நாம் சீமெந்து வாங்குவதை நிறுத்தவில்லையே. குழி இடம் மாறியது, அவ்வளவுதான். வில்பத்து வனத்துக்குத் தெற்கே, புத்தளம் மாவட்டத்து அருவக்காட்டில் சுண்ணக்கல் எடுக்கப்படுகிறது. யானை நடமாடும் உலர்காடு அது. கல் எடுத்த நிலத்தில் மீண்டும் காட்டு மரங்களை வளர்க்கும் முயற்சியும் அங்கே ஐ.யு.சி.என். என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் துணையோடு நடந்திருக்கிறது, பாராட்ட வேண்டியதே. அதே அருவக்காட்டில் பழைய கற்குழி ஒன்று கொழும்புக் குப்பைக்கு ஒதுக்கப்பட்டதும் நடந்தது. இவை போக, வெளிநாட்டிலிருந்து மூடையாகவும், இங்கே அரைப்பதற்காகக் கட்டியாகவும் கப்பலில் வரும் சீமெந்து வேறு.

கப்பலில் வருவதன் மறுமுனையில் என்ன இருக்கக்கூடும் என்பதற்கு மலேசியாவில் ஒரு சான்று கிடைக்கிறது. சமவெளியில் தனித்தனியே எழும் சுண்ணக்கற் குன்றுகள் உயிரியலாளர்களுக்குத் தீவுகளைப் போன்றவை. ஒரு குன்றில் உருவான நத்தை அடுத்த குன்றுக்குப் போக வழியில்லை; இலட்சக்கணக்கான ஆண்டுகளில் குன்றுக்கு ஓர் இனம் என்ற கணக்கில் அவை பிரிந்துவிடுகின்றன. பகாங் மாநிலத்தில் புக்கிட் பாஞ்சிங் என்ற குன்று கல்லுக்காக உடைத்துத் தரைமட்டமாக்கப்பட்டது. பிளெக்டோஸ்டோமா சயாஃபிலம் என்ற சின்னஞ்சிறு நத்தை அந்தக் குன்றைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. குன்று போனது, நத்தை இனமும் முற்றாக அழிந்தது. பேராக் மாநிலத்தின் குனுங் கந்தான் குன்றில் 2014இல் வேறொரு நத்தை இனம் விவரிக்கப்பட்டது. அந்தக் குன்றில் கல் எடுத்துக்கொண்டிருந்தது லஃபார்ஜ் சீமெந்து நிறுவனம். நத்தைக்கு ஆய்வாளர்கள் வைத்த பெயர் சரோப்பா லஃபார்ஜை. தன் பெயரைத் தாங்கிய இனத்தின் முடிவு இனி அந்த நிறுவனத்தின் கையில் என்று சொல்லாமல் சொன்ன குறும்பு அது. விஞ்ஞானிகளுக்கும் நக்கல் வரும்.

இந்த நத்தைகளை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மதிப்பீட்டு முறைகளின் பலவீனம் எல்லாம் இந்தச் சிறிய ஓட்டுக்குள் அடங்கியிருக்கிறது.

பெரும்பாலும் கையாளப்படும் முறை வாழ்க்கைச் சுழற்சிப் பகுப்பாய்வு. ஒரு கிலோ சீமெந்துக்கு எவ்வளவு நிலம் எத்தனை ஆண்டுக்குப் பறிபோகிறது, எவ்வளவு நீர், எவ்வளவு கரியமில வாயு என்று கணக்கிட்டு, அதை ஒரு பிரதேசத்தில் சராசரியாக எத்தனை விழுக்காடு இனங்கள் மறையக்கூடும் என்ற எண்ணாக மாற்றுவார்கள். இரண்டாவது முறை பணத்தின் தடத்தைப் பிடித்துப் போவது. நாடுகளுக்கு இடையிலான வணிக அட்டவணைகளை, அழியும் அபாயத்தில் உள்ள உயிர்களைப் பதியும் ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியலின் இனங்களோடு பொருத்துவது. சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் முன்நின்று 2012இல் வெளியிட்ட ஆய்வு 187 நாடுகளை இவ்வாறு எடுத்துக்கொண்டு, உலகில் இனங்களுக்கு வரும் அச்சுறுத்தல்களில் 30 வீதம் பன்னாட்டு வணிகத்தால் வருவது என்று கண்டது. இரண்டு முறைகளும் பயனுள்ளவையே. எந்தப் பொருளில் கவனம் வைப்பது, எந்த நாட்டை நோக்குவது என்று காட்டும். ஆனால் இரண்டுமே சராசரியில் பேசுகின்றன. சராசரிச் சீமெந்தில் புக்கிட் பாஞ்சிங் தெரியாது. ஏற்கெனவே வெறுமையாகிவிட்ட பொட்டல் நிலத்தில் எடுத்த பத்தாயிரம் தொன் கல்லும், வேறெங்கும் இல்லாத உயிர் இருக்கும் குன்றில் எடுத்த பத்தாயிரம் தொன் கல்லும் அந்தக் கணக்கில் ஏறத்தாழ ஒன்றே. கரியமில வாயு எங்கே வெளிவந்தாலும் வளிமண்டலத்துக்கு ஒன்றுதான். அந்தக் கணக்குக்குத் தொகையே போதும். உயிரினங்களின் கணக்கு அப்படிப்பட்டது அன்று. எவ்வளவு என்பதற்கு முன்னால் எங்கிருந்து என்று கேட்டாக வேண்டும்.

இடத்தை வைத்து அளக்கும் முறைகளும் வந்துகொண்டிருக்கின்றன. 2021இல் அறிமுகமான ஸ்டார் என்ற அளவீடு, ஓர் இடத்தில் உள்ள அச்சுறுத்தலை நீக்கினால் எந்தெந்த இனங்களின் அழிவு அபாயம் எவ்வளவு குறையும் என்று கணிக்கிறது. செய்மதிப் படத்தில் குழிகளைக் கண்டு, இனங்கள் வாழும் வரைபடத்தின் மேல் அவற்றைப் பொருத்துவது இன்னொரு வழி. ஆனால் மணல் குழி சிறியது. ஒரு மாரியில் மறைந்து அடுத்த கோடையில் வேறிடத்தில் தோன்றும். கட்டுமானக் கனிமங்களைப் பற்றி மட்டும் 2022இல் வெளியான ஓர் ஆய்வு, மணல், சுண்ணக்கல் முதலியவற்றை எடுப்பதால் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் அச்சுறுத்தப்படுவதாகச் சிவப்புப் பட்டியலிலிருந்து தொகுத்தது. அதுவும் குறைமதிப்பாகவே இருக்கும். முதுகெலும்பில்லாத உயிர்களில் பட்டியலை எட்டிப் பார்த்தவையே கொஞ்சம்.

மரத்துக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் நிலைக்கும் கதவுக்கும் பழைய மதிப்பு பாலைக்கும் முதிரைக்கும்தான். தச்சரிடம் கேட்டால் பாலையில் ஆணி இறங்காது என்பார். துளைபோட்டுத்தான் அடிக்க வேண்டும். நூறாண்டு நிற்கும் அந்த மரம் வன்னிக் காட்டில் மெதுவாக வளர்வது. கோடையில் பாலைப்பழம் பழுக்கும்போது கரடி மரத்தில் ஏறும். அந்தப் பருவத்தில் உலர்வலயக் கரடிக்கு அதுவே விருந்து. குரங்கும் பறவையும் மிச்சத்தைத் தின்னும். நமக்கும் ஒரு பங்கு சந்தைக்கு வருகிறது, உதட்டில் ஒட்டும் பாலோடு. ஒரு முதிர்ந்த பாலையைத் தறிப்பதும் ஒரு பூவரசைத் தறிப்பதும் கன அடிக் கணக்கில் ஒன்றாக இருக்கலாம். கரடியின் கணக்கில் ஒன்றாக இராது. வன்னி மரத்தை விட்டுவிட்டு வெளிநாட்டு மரம் வாங்கினால் சிக்கல் தீரும் என்பதும் பிழை. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புத் தடைச் சட்டம் மரத்தையும் உள்ளடக்கி, வெட்டிய நிலத்தின் அமைவிடத்தையே கேட்கிறது. நடைமுறைக்கு வருவது தள்ளிப்போடப்பட்டாலும், அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாத மரம் கேள்வி கேட்காத சந்தையைத் தேடும் என்று எதிர்பார்ப்பதே புத்தி. நாமும் அப்படிப்பட்ட சந்தைதான்.

இரும்பு, அலுமினியம் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். தூரம் அதிகம், தடம் குறைவு. பிரேசிலின் மரியானாவில் 2015 நவம்பர் 5இல் இரும்புத்தாதுக் கழிவு அணை உடைந்து 19 பேர் மாண்டனர். சேறு டோசே ஆற்றின் வழியே அத்திலாந்திக் கடல் வரை போய், வழியில் மீனைக் கொன்றது. அலுமினியத்தின் மூலப்பொருளான பொக்சைற்றை உலகுக்கு அள்ளித்தரும் கினி நாட்டில்தான் மேற்கு ஆபிரிக்கச் சிம்பன்சிகளும் அதிகமாக எஞ்சியிருக்கின்றன. அவை 2016இலிருந்து மிக ஆபத்தான நிலைப் பட்டியலில். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பொக்சைற் எடுப்பதா என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2013இல் கிராம சபைகளிடமே விட்டபோது, கேட்கப்பட்ட 12 ஊர்களும் வேண்டாம் என்றன. நம் யன்னலுக்கு அந்த மலை தப்பியது. வேறெந்த மலை தப்பவில்லை என்று யன்னல் சொல்லாது.

சுவரின் வெள்ளைப் பூச்சுக்கு இன்னும் விசித்திரமான பயணம். பெயின்றுக்கு வெண்மை தரும் தைத்தேனியம் ஒட்சைட்டு, இல்மனைற்று என்ற கரும் மணலிலிருந்து வருகிறது. முல்லைத்தீவு எல்லைக்கு அப்பால், கொக்கிளாய்க் களப்புச் சரணாலயத்துக்கு அயலில் உள்ள புல்மோட்டையில் அது பல பத்தாண்டுகளாக எடுக்கப்பட்டு, பெரும்பாலும் மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. மன்னார்த் தீவிலும் அதே மணலுக்குக் கண் வைத்திருக்கிறார்கள். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்து இறங்கும் இடம் அது. புல்மோட்டை மணல் ஒரு வெளிநாட்டு ஆலையைச் சுற்றிவிட்டுப் பெயின்ற் வாளியாகப் பருத்தித்துறை வீதிக் கடைக்கு வந்து சேரலாம். வந்ததா இல்லையா என்று கடைக்காரரும் சொல்ல முடியாது, இறக்குமதியாளரும் சொல்ல முடியாது. இங்கேதான் முழு மதிப்பீடும் அறுந்து போகிறது. பொருள் கலக்கும் ஒவ்வோர் இடத்திலும், அதாவது அரைக்கும் ஆலையிலும் உருக்கும் உலையிலும் மொத்த வியாபாரியின் முற்றத்திலும், அதன் ஊர்ப்பெயர் கழன்று விழுகிறது.

உலக அளவில் ஊர்ப்பெயரைக் காப்பாற்றும் முயற்சி நடக்கிறது. உயிர்ப்பல்வகைமையைக் காக்க 2022 டிசம்பரில் உலக நாடுகள் ஏற்ற குன்மிங்-மொன்றியல் உடன்பாட்டின் 23 இலக்குகளில் 15ஆவது, பெரு நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலி முழுவதிலும் உயிர்ப்பல்வகைமைக்கு ஏற்படும் தாக்கத்தை மதிப்பிட்டு வெளியிடுவதை அரசுகள் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. நிறுவனங்களுக்கான இயற்கை சார் வெளியீட்டு வழிகாட்டி 2023இல் வந்தது; அதன் முதற்படியே இடத்தைக் கண்டுபிடிப்பது. நல்லதே. ஆனால் பெரு நிறுவனம் என்ற சொல்லுக்குள் இரண்டு ரிப்பர் வைத்திருக்கும் மணல் வியாபாரி அடங்க மாட்டார். பல இடங்களில் மணல் அப்படிப்பட்ட கைகள் வழியேதான் போகிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு யாழ்ப்பாணத்தவரிடம் வீடு கட்டாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் ஆண்டுக்கணக்கில் இருந்த சனம் இது. 2010இல் அறிவிக்கப்பட்ட இந்திய வீட்டுத் திட்டத்தின் 50,000 வீடுகளில் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும் எழுந்தபோது, ஐந்தரை இலட்சம் ரூபாய்க் கொடையில் சிக்கனமாகக் கட்டிய குடும்பங்களிடம் சம்பல் முதலையைப் பற்றிக் கேட்பது அநியாயம். கேட்க வேண்டியவர்கள் திட்டம் போடுபவர்கள். சில ஆண்டுகள் கழித்து 65,000 இரும்புப் பொருத்து வீடுகள் என்ற யோசனை வந்து கைவிடப்பட்டது. வெப்பம், விலை, ஆயுள், உள்ளூர் மேசனுக்கு வேலை என்று எல்லாம் நியாயமாகவே விவாதிக்கப்பட்டன. நான் வாசித்த அளவில், இரும்பு எந்தச் சுரங்கத்திலிருந்து, அதற்கு மாற்றாகச் சொல்லப்பட்ட சீமெந்துக் கல்லுக்கான மணல் எந்த ஆற்றிலிருந்து என்ற பேச்சு அந்த விவாதத்தில் பெரிதாக அடிபடவில்லை.

கேட்க வேண்டிய இன்னொரு கூட்டமும் உண்டு. ஆண்டில் ஒரு திருவிழாவுக்கு மட்டும் திறக்கும் மூன்று மாடி வீடுகளுக்கு அனுமதி கேட்பவர்கள். பொருளைத் தேடிப் பிடித்து வாங்குவதைவிட, தேவையில்லாத மாடியைக் கட்டாமல் விடுவது எந்த மதிப்பீட்டு முறையிலும் முன்னுக்கு நிற்கும். மதிலும் அப்படித்தான். கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் கதியாலாக நின்ற வேலியில் ஓணானும் புலுனியும் செண்பகமும் குடியிருந்தன; அதை எடுத்துவிட்டு ஆறடிக்குச் சீமெந்துக் கல் அடுக்கும்போது இங்கேயும் இழப்பு, மணல் எடுத்த ஆற்றிலும் இழப்பு. ஒரு செலவில் இரண்டு.

பழைய யாழ்ப்பாணத்து வீடு தன் மரத்தைத் தன் காணியிலேயே வைத்திருந்தது. பனஞ்சலாகையும் ஓலையும் களிமண்ணும் சுண்ணாம்பும் நாற்சார் வீடுகளைத் தாங்கின. ஒல்லாந்தர் காலத்தில் பனைமரம் இங்கிருந்து வெளியூர்களுக்கு ஏற்றுமதியும் ஆனது. அப்போது சங்கிலியின் தொடக்க முனையில் இருந்தவர்கள் நாம்தான். அதற்காகப் பழையபடி பனைக்குத் திரும்புவோம் என்று எளிதாகச் சொல்ல முடியாது. பதுங்குகுழிகளுக்காகப் போர் தின்றது போக எஞ்சிய பனையில், தொங்கும் காவோலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் இறகை ஒட்டிக் கூடு கட்டுகிறது பனை உழவாரன். கையளவுப் பறவை, அதற்குப் பெரும்பாலும் பனைதான் வீடு. பெண்பனையைத் தறிக்க அனுமதி வேண்டும் என்று 1951ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே ஒரு பொருள் குற்றமற்றதாகிவிடாது. நெடுந்தீவின் முருகைக்கல் வேலிகளும் ஒருகாலத்தில் உயிருள்ள கடற்பாறையே.

வீடு கட்டத் தொடங்கும்போது பொறியியலாளர் தரும் மதிப்பீட்டுத் தாளில் பொருள், அளவு, விலை, தொகை என்று நிரல்கள் இருக்கின்றன. எங்கிருந்து என்று இன்னொரு நிரலைச் சேர்க்கலாம். கம்பிக்கும் அலுமினியத்துக்கும் பெயின்றுக்கும் இப்போதைக்கு அது வெறுமையாகவே கிடக்கும். சீமெந்துக்கு மூடையில் உள்ள பெயரை வைத்து ஆலை வரை போகலாம். மணலுக்கும் மரத்துக்கும் நிலைமை வேறு. எடுத்த இடத்தைக் குறித்த அனுமதிப்பத்திரம் இல்லாமல் அவை வீதியில் ஓடக்கூடாது என்பது ஏற்கெனவே சட்டம். ரிப்பர் முற்றத்தில் மணலைக் கொட்டும்போது சாரதியிடம் அந்தக் கடதாசியைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதற்குப் புதிய சட்டமோ பன்னாட்டு உடன்பாடோ வேண்டியதில்லை. பிரதேச சபை கட்டட அனுமதிக் கோப்பில் அதன் பிரதியைக் கேட்டால், எந்த ஆறு எத்தனை வீடாகியது என்ற கணக்கு முதன்முறையாக யாரோ ஒருவரின் மேசைக்கு வந்து சேரும்.